குடாவின் குறுக்கே

வாங்கி மூன்றாம் நாள்.
இன்னும் பதினொரு தவணை பாக்கி.
உப்புவெளி மணல் ஒன்று
காற்சட்டைப் பைக்குள்
திறப்போடு கூட்டுச் சேர்ந்து செய்த வேலை.

பற்பசை போட்டுத் தேய்த்தேன்.
போகவில்லை;
போன் மட்டும் புதினா மணக்கிறது.

"கண்ணாடி ஒட்டினால் தெரியாது தம்பி" என்றார்
மத்திய வீதிக் கடை இஸ்மத் நானா.
ஒட்டினார். தெரிந்தது,
சோற்றில் கிடந்த மயிர் மாதிரி.
எழுநூறு ரூபாய்.

இரவு வரைபடத்தைத் திறந்தால்
கொட்டியாரக் குடாவின் மேல் கிடக்கிறது அது.
இங்கே துறைமுகத்தில் தொடங்கி
சுபோதினி மாற்றலாகிப் போன
மூதூர் வரைக்கும்
ஒரே நேர்.
பஸ் என்றால் கிண்ணியா சுற்றித்தான் போகும்.

விரலால் கடலைக் கொஞ்சம் நகர்த்தினேன்.
கீறல் அசையவில்லை.
மூதூர்தான் விலகிப் போனது.