உரையாகவே வை

டயர் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை.
தேனீ வளர்ப்போர் சங்கம் என்று கதவில் எழுதியிருக்கும்.
டோல்மினில் நவம்பர் மாதம்
நாலரைக்கே விளக்குப் போட்டாக வேண்டும்.
யெர்னேயா இன்னும் மேலங்கியைக் கழற்றவில்லை.
ஆய்வுக்கூடத்திலிருந்து கோப்பு வந்துவிட்டது.

வெறும் எழுத்து. வண்ணமில்லை, கட்டமில்லை.
வரிக்கு வரி, இடையிடையே அரைப்புள்ளி.
எந்தக் கூடு நலம்,
எந்தக் கூட்டில் புழு அழுகிக் கயிறாய் இழுபடுகிறது.
அழுகியதை எரிக்க வேண்டும். சட்டம்.

இருமுறை சொடுக்கினால் திறந்துவிடும்.
அதுதான் வினை.

விரிதாள் ஓர் அதிபுத்திசாலி.
நீங்கள் சொன்னதைக் கேட்காது,
நீங்கள் சொல்ல வந்தது இதுதான் என்று தானே முடிவுகட்டும்.
தொலைபேசி எண்ணின் முன்னால் நிற்கும் சுழியை
மதிப்பில்லாதவனுக்கு வாசலில் என்ன வேலை என்று விரட்டும்.
அந்த மொழியில் சில எழுத்துகளின் தலையில் ஒரு கொக்கி உண்டு;
சின்னக் கூரை என்று அதற்குப் பெயர்.
கூரை பறந்துபோய்
யாரோ கிறுக்கிய இரட்டைக் கீறலைச் சூடிக்கொண்டு
முப்பது உறுப்பினர்கள் மழையில் நிற்பார்கள்.

13-14 தப்பித்துக்கொள்ளும்.
பதினான்காம் மாதம் எந்த நாட்காட்டியிலும் இல்லை.
5-6 தப்பாது.
ஐந்தாம் வரிசை, ஆறாம் பெட்டி.
அது ஜூன் ஐந்தாகிவிடும்.

போன வருடம் ஆகியிருந்தது.
யெர்னேயா பார்க்காமல் அச்சடித்து அனுப்பினாள்.
ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று அழைத்தும் பார்த்தாள்,
சுழியில்லாத எண்ணுக்கு.

ஜிவா ரூதார் தாளைப் பிரித்தாள்.
(ஜிவா என்றால் உயிருள்ளவள்;
நமக்கு அகராதி தேவைப்படாத பெயர்.)
எரிக்கவும்: 5 ஜூன்.
அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.
ஜூன் ஐந்தாம் தேதிதான்
பிளம் மரத்தின் உச்சிக் கிளையில் தொங்கிய கூட்டத்தை
ஏணி வைத்து, சாக்கில் உதறி, பெட்டியில் இறக்கியிருந்தாள்.
மூடியில் சுண்ணக்கட்டியால் தேதியும் போட்டிருந்தாள்.

எல்லாம் உள்ளே அடங்கும்வரை இருட்டில் காத்திருந்தாள்.
பிறகு குழி, டீசல், தீக்குச்சி.
நோயில்லாத மெழுகு நன்றாகவே எரிந்தது.
5-6 பனிக்காலம் முழுக்க நின்றுகொண்டிருந்தது.
ஏப்ரலில் பதினொரு கூடுகள்.

ஜிவா சண்டைக்கு வரவில்லை.
படியேறி வந்து தாளை மேசையில் விரித்தாள்.
"என் பெயரிலும் கூரை இல்லை, பார்த்தாயா?"
அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டாள்.
கீழே யாரோ சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்றைக்கு யெர்னேயா
கோப்பின் மேல் விரலையே வைக்கவில்லை.
முதலில் காலித் தாள்.
பிறகு, இறக்குமதி.
ஒரு சாளரம் எழுந்து கேள்வி கேட்கிறது,
எல்லைச் சாவடிக் காவலர் மாதிரி, ஆனால் பணிவாக.
எந்தக் குறியாக்கம்? சொன்னாள்.
எது பிரிக்கிறது? அரைப்புள்ளி மட்டும்.
இந்த நெடுவரிசை என்ன வகை?

உரை.

அடுத்தது?
உரை.
அதற்கடுத்தது?
அதுவும் உரைதான்.
நீ உரை எழுத வேண்டாம்,
பொழிப்பும் வேண்டாம், பதவுரையும் வேண்டாம்,
வந்தது வந்தபடி உரையாகவே வை.

முன்னோட்டத்தில் வந்து நின்றன:
வாசலில் சுழி.
ஜிவாவின் தலைக்கு மேல் கூரை.
அந்த வரியின் கடைசிக்கு
அவள் கண் போக மறுத்தது. போயிற்று.
2-3. அழுகல்.

சரியாகத் திறந்தாலும் செய்தி அதுவேதான்.

மேலங்கியோடே உட்கார்ந்து
சுழியிலிருந்து தொடங்கி எண்ணை அழுத்தினாள்.
மணி அடித்தது. எடுத்தாள்.
"இரண்டாம் வரிசை," என்றாள் யெர்னேயா, "மூன்றாம் பெட்டி."
மறுமுனையில் நாய் குரைத்து ஓய்ந்தது.

"மார்ச் இரண்டு இல்லையே?"

"இல்லை."

"இன்னொரு தடவை சொல்."