ஆறாவது பெயர்

ஜூன் முப்பது. இன்று நள்ளிரவோடு
பழைய காப்பீட்டுக்கு உயிர் போகிறது.
முசான்சே சந்தையில் என் மஞ்சள் குடைக்கு அடியில்
கிழங்கு மண் காயாத கைகள் நீள்கின்றன:
அடையாள அட்டை, கசங்கிய நோட்டு,
சீக்கிரம் தம்பி, பஸ் போய்விடும்.

வெனெராந்தா தன் எண்ணைச் சொன்னாள்.
திரை கொஞ்சம் சுற்றிவிட்டுச் சொன்னது:
ஆறு பேர். தலைக்கு மூவாயிரம்.
பதினெட்டாயிரம் ஃபிராங்க்.

"ஐந்து பேர்தான்."
இடுப்புத் துணியின் முடிச்சிலிருந்து பதினைந்தாயிரம்,
வீட்டிலேயே எண்ணி முடிந்துகொண்டு வந்தது,
உடம்புச் சூட்டில் நனைந்திருந்தது.

ஆறாவது பெயரை வாசித்தேன்:
காஸ்பார். குடும்பத் தலைவர்.

வரிசை பேச்சை நிறுத்தியது.
கோமாவுக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டு
எல்லையைத் தாண்டியவன்.
அதன்பிறகு நான்கு அறுவடை.
கூப்பிட்டால் ஒரு பெண்குரல்தான் எடுக்கிறது,
பதிவு செய்யப்பட்ட, மரியாதையான குரல்.

ஒரு தலை குறைந்தாலும் ரசீது வராது, அம்மா.
வீடு முழுக்க, இல்லையென்றால் யாருக்குமே இல்லை.
பெயரை நீக்கலாம்;
அதற்கு அலுவலகம், இரண்டு சாட்சி, ஒரு படிவம்.
படிவம் கேட்கும்: இறந்தாரா, பிரிந்தாரா?

"எனக்கே தெரியாததை
என்னிடம் ஏன் கேட்கிறார்கள்?"
முதுகில் கட்டியிருந்த சின்னவனுக்கு இளைப்பு.
அவன் பதில் சொல்வதுபோல் விசிலடித்தது அவன் நெஞ்சு.

பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி:
"அங்கே அவனுக்குக் காய்ச்சல் வந்தால்
இந்தப் பணம் உதவுமா?"
உதவாது. எல்லைக்கு இந்தப் பக்கம் மட்டும்.

சிரித்தாள்.
"அப்படியானால், நோயாளியாகவாவது
இங்கே வந்து சேரட்டும்."

பக்கத்துத் தராசில் ஒரு மூட்டையை இறக்கிவைத்தாள்,
சொன்ன விலைக்கே.
பேரம் பேசாத வெனெராந்தாவை
இந்தச் சந்தை பார்த்ததில்லை.

பதினெட்டாயிரம். அழுத்தினேன்.
அவள் கைபேசியைப் பார்த்தபடி நின்றாள்.
ஒன்றும் வரவில்லை.
பதிவில் இருப்பது அவனுடைய எண்.

"செலுத்தப்பட்டது. ஆறு பேர். நன்றி, காஸ்பார்."
எந்த ஊரிலோ அணைந்து கிடக்கும் ஒரு கைபேசியைத் தேடி
என் குடையடியிலிருந்து கிளம்பிப் போய்விட்டது.

பேனாவை எடுத்தேன்.
ரசீது எண்ணை அவள் உள்ளங்கையில் எழுதினேன்,
மண் இல்லாத இடம் பார்த்து,
சிறிய எழுத்தில், இரண்டு வரியாக.