ரெட்டேரியில் விட்டது

கொளத்தூரில் நாற்பது ரூபாய்க்கு வாங்கினேன்.
கண்ணாடியில் வாய் ஒட்டிப் பாசி தின்னும்.
"டேங்க் க்ளீனர் சார், சோறே கேக்காது."

வீடு மாறிய அன்று
லாரியில் இடமில்லை.
பாவம் பார்த்து, பக்கெட்டோடு போய்
ரெட்டேரியில் கவிழ்த்தேன்.
புண்ணியம் என்றுகூட நினைத்தேன்.

இன்று கரையில் தசரதன்
கத்தியால் வலையை அறுத்துக்கொண்டிருக்கிறார்.
முள்ளும் ஓடுமாய் முழ நீளம்,
பதினேழு.
எல்லாவற்றுக்கும் ஒரே முகம்.
ஒன்றும் விலை போகாது.
வலை மூவாயிரம்.

"குரவை இல்லையா?"

"முட்டையா இருக்கும்போதே தின்னுடுது.
மிச்சத்த கொசுவலை போட்டு நாங்களே அள்ளிட்டோம்"
என்றார், தலை நிமிராமல்.

வலையின் அடியில்
ஒற்றைப் பனையேறி
செவுளை ஊன்றி ஈரமண்ணில் நகர்ந்தது.
அதை எடுத்துத் தண்ணீரில் விட்டார்.

நான் கைகளைப்
பின்னால் கட்டிக்கொண்டேன்.