மழைநாள் கணக்கு

லிஃப்ட் ஓடி மூன்று வருடமாகிறது.
பல் மருத்துவரின் பலகையைத் தாண்டி
மாடியேறி வந்தால் எங்கள் அறை.
செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு.
சாவி என்னிடம். காப்பிக் கெட்டில் என் பொறுப்பு.
மடக்கு நாற்காலிகள் பத்தொன்பது.
ஒன்றுக்குக் கால் சரியில்லை,
அதில் நானே உட்கார்ந்துகொள்வேன்.

ஜன்னலுக்கு வெளியே லாஸ் ஏஞ்சலஸ்
பஸ் கதவைத் திறந்து திறந்து மூடுகிறது.

இன்று கடைசி ஆள் ஹெரோனிமோ.
கார் கழுவுகிறவர். விரல்நுனிகள்
இப்போதுதான் குளித்து வந்தவருடையவை போலச் சுருங்கியவை.
படிவத்தில் மொழி என்ற கட்டத்தில்
யாரோ முன்கூட்டியே ஸ்பானிஷ் என்று அடித்திருந்தார்கள்.
மூன்று கேள்விக்கும் 'சி, சி' என்றார்.
நான்காவதற்கும்.
சம்பளம் ஒழுங்காக வந்ததா என்பதற்கும்.
அப்போதுதான் எல்விரா பேனாவைக் கீழே வைத்தாள்.
குவாத்தமாலா மலைகளின் மாம் மொழியில் ஏதோ கேட்டாள்.
மனிதர் நிமிர்ந்தார்.
அதன்பின் அவரை நிறுத்த முடியவில்லை.

அவர் மாமில் சொல்ல, எல்விரா ஸ்பானிஷில் சொல்ல,
நான் ஆங்கிலத்தில் சொல்ல, ஹேரன் தட்டச்சு செய்ய,
ஒரு வாக்கியம் அறையைக் கடக்க
மூன்று வாய் வேண்டியிருந்தது,
தீப்பிடித்த வீட்டுக்கு
வாளி கைமாறிப் போவதுபோல.

"சம்பள பாக்கி" என்றேன்.
"அவர் அப்படிச் சொல்லவில்லை" என்றாள் எல்விரா.
"என் நாட்களைத் தின்றுவிட்டான் என்கிறார். அப்படியே போடு."
ஹேரன் அப்படியே போட்டாள்.
சட்டம் படித்தவள், கீழே தொகையையும் போட்டாள்.

ரசீது? இல்லை. காசோலை? இல்லை.
ஒரு துண்டுச் சீட்டு?
தொப்பியைக் கழற்றினார்.
உள்பட்டையில், வியர்வை ஊறிய துணியில்
நீலப் பேனாக் கோடுகள், நாளுக்கு ஒன்று.
சில கோடுகளின் தலையில் சிறு வட்டம்.
"அது என்ன?"
"மழை."

மழைநாளில் கார் வராது.
ஆனாலும் காலை ஏழுக்கு வந்து
தகரக் கூரைக்குக் கீழே நிற்கவேண்டும், இருட்டும்வரை.
நின்றதற்குக் காசு கிடையாது.
ஊரே மழைக்கு ஏங்கும் ஊர் இது.
இவர் மட்டும் வானம் கறுத்தால்
வாடகையை எண்ணுவார்.

ஹேரன் வானிலைப் பதிவைத் திறந்தாள்.
வட்டம் ஒன்பது. மழையும் ஒன்பது நாள்.
அதே வரிசையில், அதே இடைவெளியில்.
அவள் மறுபடி எண்ணினாள். நானும் எண்ணினேன்.
முதலாளிக்கு வக்கீல் இருக்கிறார், கணக்கர் இருக்கிறார்,
கம்பெனிக்குப் போன மாதம் வைத்த புதுப் பெயர் இருக்கிறது.
எங்களுக்கு மழை இருக்கிறது,
யாரிடமும் சம்பளம் வாங்காத மழை.

நகல் இயந்திரத்தில் தொப்பியைக் கவிழ்த்தேன்.
மூடி மூடவில்லை, கையால் அமுக்கினேன்.
தாளில் வந்தது கறுத்த நிலா ஒன்று,
ஓரமெல்லாம் கீறல், கூடவே என் கட்டைவிரல்.

இந்தக் கண்ணாடிக்கு என் கட்டைவிரல் புதிதல்ல.
ஆறு வருடம் முன்பு இதன்மேல்
ஒரு நோயாளியின் மருந்து நோட்டை விரித்தேன்:
இரவு இரண்டு, இரவு நான்கு, இரவு ஐந்தரை.
தூங்கும் நேரத்துக்குச் சம்பளமில்லை என்ற வீட்டில்
நான் தூங்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.
பாதிப் பணம் வந்தது.
மீதி இன்னும் ஏதோ ஒரு மேசையில்.
அதற்காகத்தான் இங்கே வருகிறேன் என்று சொல்லமுடியாது.
சாவியை வாங்கிக்கொள்ள ஆளில்லை, அவ்வளவுதான்.

விசாரணைத் தேதி வர ஒரு வருடமாகலாம்,
அதற்கு மேலும் ஆகலாம்.
மூன்று வாய் மாறியும்
அது ஒரு நாள்கூடக் குறையவில்லை.
அவர் தலையாட்டினார். தொப்பியைக் கேட்டார்.
நாளை வேறு இடத்தில் வேலை, வெயில் அடிக்கும்.

ஹேரன் அவசரமாக எழுந்து ஏதோ சொன்னாள்.
நான் எல்விராவிடம். எல்விரா அவரிடம்:
"வழக்கு முடியும்வரை
அதைக் கழுவிவிடாதீர்கள்."

ஒரு நொடி.
பிறகு அவர் சிரித்த சிரிப்பில்
என் நாற்காலியின் காலே ஆடியது.
"பத்து வருடத்தில்" (எல்விராவால் சொல்லி முடிக்க முடியவில்லை)
"என்னிடம் கழுவாதே என்று சொன்ன
முதல் ஆள் நீங்கள்தான்."

போகுமுன் காப்பிக் கெட்டிலை
அவரே எடுத்துத் தேய்த்து வைத்தார்.
அதற்குக் கோடு போடவில்லை.