நெஞ்சுப் படம்

அண்ணனுக்கு முன்னால்
அவன் நெஞ்சு வெளியே வந்துவிட்டது,
பழுப்பு உறையில், ஒரு ரசீதோடு.
தும்கா சிறைவாசலில்
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.
மடக்காதே என்றார் வார்டர்.

ராஞ்சிக்கு ராத்திரி பஸ்.
மடியில் வைத்தால் வளைகிறது.
மேலே யாருடைய கோழிக்கூடையோ.
முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவே வைத்து
விடியும்வரை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்,
என் மூச்சு அவன் மூச்சின் மேல்
சாய்ந்துவிடக் கூடாதென்று.

தேவ்கர் தாண்டி ஒரு டீக்கடை பல்பில்
தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.
விலா எலும்புகளின் சந்தில்
பொடிப்பொடியாய் வெள்ளை.
பாகூர் குவாரியில் பதினோரு வருஷம்
அவன் உடைத்த கல்.
முதலாளி லாரி லாரியாய் ஏற்றியது போக
மிச்சம் இவனிடம்தான் இருக்கிறது.
திருட்டு வழக்காய் இருந்திருந்தால்
இந்தப் படத்தையே களவுச் சொத்தென்று காட்டியிருக்கலாம்.
வழக்கு வேறு.
டம்பர் எரிந்த இரவில்
கூட்டத்தில் நின்றானாம் ரஸ்கா ஹேம்ப்ரம்.
நின்றான்தான். ஓட மூச்சில்லை.

வக்கீல் பிபியானா திர்கி
படத்தை ஜன்னலோடு அழுத்திப் பார்த்தார்.
"இன்னும் கொஞ்சம் மோசமாய் இருந்தால்
நன்றாக இருக்கும்" என்றார்.
சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி
வெகுநேரம் துடைத்தார்.

மருத்துவக் குழு எழுதியது:
நிலை சீராக உள்ளது. சிறையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.
அதை வாசித்த அரசு வக்கீலுக்கு நடுவில் இருமல் வந்தது.
யாரோ ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தார்கள்.

வாய்தா.
மழை. மறுபடி வாய்தா.

கம்பிவலைக்கு அந்தப் பக்கமிருந்து
"இன்றைக்குப் பரவாயில்லை,
இரண்டு ரொட்டி தின்றேன்" என்றான்.
"சத்தமாய்ச் சொல்லாதே" என்றேன்.
என்னை ஒரு மாதிரி பார்த்தான்.
பிறகு எனக்காக இருமிக் காட்டினான்.
அது நிற்கவில்லை.

மராங் புருவுக்குச் சேவல் நேர்ந்துகொண்டேன்.
என்ன வேண்டினேன் என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.
காகிதத்தில் சாகட்டும்,
கட்டிலில் வேண்டாம்.

ஆறு வாரம் கொடுத்தார்கள்.
ஐம்பதாயிரத்துக்கு இரண்டு ஜாமீன்தாரர்.
ஊரைத் தாண்டக் கூடாது.
திங்கள்தோறும் ஸ்டேஷனில் கையெழுத்து.
ஸ்டேஷன் இரண்டு மைல்.
வழியில் ஒன்பது இடத்தில் உட்கார்ந்தோம்.
ஐந்தாவது, ஒரு மகுவா மரம்.
பூ கொட்டியிருந்தது.
ஒன்றை எடுத்து மோந்தான்.
"வாசனை உள்ளே போக மாட்டேன் என்கிறது" என்றான்.
சிரித்தோம். சிரிப்புக்கும் மூச்சு வேண்டும்,
அதனால் கொஞ்சமாய்.

நாற்பதாம் நாள்
நீட்டிப்புக்குப் புதுப்படம் கேட்டார்கள்.
குளிர்ந்த தகட்டில் நெஞ்சை ஒட்டி நின்றான்,
கைகளை இடுப்பில் வைத்து,
கைதுக்கு முந்தின கோடையில்
எங்கள் பெரியப்பா மகன் கல்யாணத்தில் நின்றது போல.
கதவுக்குப் பின்னாலிருந்து குரல்:
இழு.
இழுத்தான்.
பிடி.
பிடிக்க முடியவில்லை.
கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு
ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது.
இருந்ததுதான், எழுதிக்கொள்ளுங்கள்.

"அசைந்துவிட்டது, இன்னொரு தடவை."
இழு.
பிடி.

நாலு மாசமாய் எந்தச் சொல்லுக்காக
முத்திரைத்தாள் வாங்கி, டைப் அடித்து,
படியேறி இறங்கினேனோ
அதை அந்தப் பையன்
ஃபோனைப் பார்த்தபடி சொன்னான்:

விடு.