விடுபட்ட வேலைகள்

பிரிஸ்டலில் ஏறினேன். நான்கு மணி நேரம்.
வழியில் ஓரிடத்தில் கடலே எழுந்து வந்து
ஜன்னலில் உப்பைத் தெளித்துவிட்டுப் போனது.
தண்டவாளம் தீர்ந்துபோகும் ஊரில் இறங்கி
அங்கிருந்து பேருந்து, நியூலின் துறைமுகத்துக்கு மேலே
மேட்டில் ஒரு பள்ளிக்கூடம்.
பையில் முப்பது டேப்லெட்கள்,
ஒவ்வொன்றிலும் அறுபத்திரண்டு வட்டங்கள்.
வட்டங்களுக்குள் இருப்பதெல்லாம் நான் எழுதியது.

'இங்கிலீஷ் படிச்சு என்ன ஆகப்போகுது?'
இந்த ஒரு கேள்விக்குத்தான்
பதினெட்டு மாதம், நான்கு பேர்,
ஏதோ ஓர் அறக்கட்டளையின் காசு.
விரலால் ஒரு திறனைத் தொட்டால்
அது வேலைகளாக விரியும்.
'வாதிட்டு எழுதுதல்': வழக்கறிஞர், விளம்பர எழுத்தாளர்.
'சுருக்கி வரைதல்': செய்தியாளர், அரசுச் செயலர்.
'பிழையின்றி எழுதுதல்': மெய்ப்புத் திருத்துநர்.
தொடும்போது சின்னதாய் ஒரு மணியோசை.
அந்த ஓசைக்காக மட்டும்
மூன்று கூட்டம் போட்டோம்.

நாற்காலி முதுகுகளில் மழைக்கோட்டுகள் சொட்டிக்கொண்டிருந்தன.
முதல் பத்து நிமிடம் வகுப்பெங்கும் மணி.
பிறகு யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள்,
ஒரே வட்டத்தை விடாமல் தட்டினால்
வழக்கறிஞர் குலுங்கிக் குலுங்கி ஆடுவாரென்று.
இருபத்தெட்டு வழக்கறிஞர்கள் ஆடினார்கள்.
நானும் சிரித்துவிட்டேன்.
குறிப்பேட்டில் எழுதினேன்: கோளாறு, ஒன்று.

கெரென்சா மட்டும் ஆட்டவில்லை.
கை தூக்காமலே கேட்டாள்:
"கல்லறைக் கல்லுல எழுத்து வெட்டுறவங்க எங்க?"
அவள் அப்பாவுக்கு அதுதான் வேலை.
ஸ்லேட் பலகை, உளி. ரப்பர் வைத்து அழிக்க முடியாது.
போன மார்ச்சில் சாரா என்ற பெயரில்
கடைசி ஹெச் விட்டுப்போய்விட்டது.
புதுக் கல் நானூறு பவுண்டு.
"காசு கூடப் பரவாயில்ல,
அந்த வீட்டுக்குப் போன் பண்ணணுமே!"
இப்போதெல்லாம் அவர் ஒவ்வொரு பெயரையும்
வலமிருந்து இடமாக வாசிக்கிறாராம்.
நேராக வாசித்தால்
கண்ணே பிழையைத் திருத்திக்கொண்டு
பேசாமல் இருந்துவிடுமாம்.
மெய்ப்புத் திருத்துநரின் வட்டம்
என் கையில் சும்மா மினுங்கியது.

கடைசி வரிசையில் ஜோரி ட்ரெவாஸ்கிஸ்,
டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்திருந்தான்.
பதினாறு முடிந்ததும் மாமாவின் படகு,
அது எப்போதோ முடிவான சங்கதி.
"அப்ப உனக்கு இதுல ஒண்ணுமில்ல"
என்று பக்கத்திலிருந்தவன் சீண்ட,
கவிழ்த்ததை நிமிர்த்தாமல் சொன்னான்:

"ரேடியோ இருக்கே.
சேனல் பதினாறு. கரையில கேப்பாங்க, மத்த படகுலயும் கேப்பாங்க.
எந்த நிமிஷமும் லைன் போயிரும்.
படகு பேரு. எங்க இருக்கோம். என்ன ஆச்சு.
எத்தனை உயிர்.
அவ்வளவுதான்.
பயமா இருக்குன்னு சொல்லக் கூடாது.
குளிக்கும்போது சொல்லிப் பாப்பேன்.
இப்ப பதினோரு செகண்ட்."

சொல்லு பார்ப்போம் என்றது வகுப்பு.
சொன்னான்.
அவன் முடித்ததும்
யாரும் எதையும் தட்டவில்லை.
மூன்று ஆட்கள் என்று அவன் சொல்லவில்லை.
மூன்று உயிர் என்றான்.
அது எங்கள் வட்டங்களில்
எந்தத் திறனின் கீழ் வருமென்று
எனக்குத் தெரியவில்லை.

திரும்பும் ரயிலில் மடிக்கணினியைத் திறந்தேன்.
எழுத்து வெட்டுநரைச் சேர்ப்பது சுலபமாக இருந்தது.
கெரென்சா சொன்னதையே போட்டேன்.
அடுத்து, செய்தியாளருக்கும் செயலருக்கும் நடுவில்
'மீனவர்' என்று அடித்தேன்.
விளக்கத்துக்கு இடம் பதினைந்து சொல்.
'சவாலான' என்று தொடங்கினேன். அழித்தேன்.
'நெருக்கடியான தருணங்களில்' என்று தொடங்கினேன்.
வெளியே இருட்டில் அதே கடல்,
அதே உப்பு.
எக்ஸிட்டர் வருவதற்குள் ஏழு முறை அழித்திருந்தேன்.
எட்டாவதைக் கடிகாரம் வைத்து
வாய்க்குள் வாசித்துப் பார்த்தேன்.

பத்தொன்பது விநாடி.
இதில் படகின் பெயர்கூட இல்லை.