ஐ.ஏ.எஸ்.

லாஸ்பேட்டை ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீட்டர்தான்.
யோசிக்க இடமில்லை, கிளம்பிவிட வேண்டும்.
கிளம்பினோம். கடல், பிறகு இடப்பக்கம் ஒரு வளைவு,
கீழே ஊசுட்டேரி,
ஈரம் காயாத சிலேட்டு.

சென்னை அவசரப்படுத்தியது:
இருபது மைலுக்குள் பதினெட்டாயிரம் ஏறு.
"மேடம், வி.எஸ். போடட்டுமா?" என்றான் அமலோர்.
கேட்கும்போதே அழுத்திவிட்டான்.
நிமிடத்துக்கு ஆயிரம் அடி.
நானும் சும்மா இருந்தேன்.

வி.எஸ். சொன்ன சொல் மாறாது.
ஆயிரம் என்றால் ஆயிரம்.
மேகம், பனி, எழுபது பேர், அவர்கள் பெட்டிகள்,
எதுவும் அதற்குக் கணக்கில்லை.
மூக்கைத் தூக்கும். போதாதா, இன்னும் தூக்கும்.
எங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறது?
வேகத்திலிருந்து.

நூற்று எழுபது.
ஐப்பசி மேகத்துக்குள் போனோம்.
ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருக்கும் சின்னக் கொம்பில்
வெள்ளையாய் ஏதோ முளைத்தது.
நூற்று அறுபத்தாறு.
அலறினால் தேவலை, அலறாது.
ஏறுகிறோம் ஏறுகிறோம் என்றே முள் காட்டும்.
நூற்று அறுபத்து மூன்று.

அப்போது போய்ப் பூவராகன் ஞாபகம்.
சிங்காரத்தோப்பில் இருக்கிறான் என் அண்ணன்.
படகு எஞ்சினுக்குக் கடன், மாதம் பதினெட்டாயிரம்.
தடைக்காலம் அறுபத்தோரு நாள்: மீன் கிடையாது, தவணை உண்டு.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய அன்றும்
பைனான்ஸ்காரன் வந்தான்.
அண்ணியின் வளையல் போனது, வலையில் பாதி போனது.
"இன்னும் ஒரு மாசம் தம் கட்டிடுவேன் பாப்பா" என்றான் போன வாரம்,
தம் இல்லாத குரலில்.

கை நீட்டி ஐ.ஏ.எஸ். பொத்தானை அழுத்தினேன்.
மகள் ஐ.ஏ.எஸ். ஆக வேண்டும் என்று
மீனவர் சங்கத்து ஆட்டம் கண்ட நாற்காலியில் உட்கார்ந்து
கலெக்டர் ஆபீஸ் பக்கமே பார்த்திருந்தார் அப்பா.
தினம் நாலு தடவை அழுத்துகிறேன், அப்பா.

இதற்கு வேகம் ஒன்றுதான் கவலை.
அது விழாமல் எவ்வளவு ஏற முடியுமோ அவ்வளவுதான் ஏறும்.
மூக்கு தாழ்ந்தது. பின்னால் யாரோ பிஸ்கட் பிரித்திருப்பார்கள்.
ஏற்றம் முந்நூறு அடி, பிறகு நூறு.
அமலோர் அந்த நூறைப் பரீட்சை மார்க் மாதிரி பார்த்தான்.
நூற்று அறுபத்தைந்து. எட்டு. எழுபது.

சென்னையிடம் முடியாது என்றேன்.
ஒரு நொடி இரைச்சல்.
"சரி, பதினாறாயிரத்துக்கு இறங்கிக்கொள்."
அவ்வளவுதானா!

இறங்க வி.எஸ். போட்டேன்.
இறங்கும்போது அது நல்ல பிள்ளை,
கேட்டதைப் பூமி கொடுத்துவிடுகிறது.
ஐந்நூறு ஐந்நூறாக, காது வலிக்காமல்.
கொம்பிலிருந்த வெள்ளை தானாக உதிர்ந்தது.

சாயங்காலம் திரும்பி வந்து
லாஸ்பேட்டையில் படி இறங்கியதும் கடலூருக்குப் போன் போட்டேன்.
"பைனான்ஸ்காரன்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லணும், அண்ணா."
"என்னது?"
வலது எஞ்சின் இன்னும் இரைந்துகொண்டிருந்தது.
"கேக்கல பாப்பா, என்ன வார்த்தை?"
ஒரு காதைப் பொத்திக்கொண்டு
கத்திச் சொன்னேன்.